கடை நாள் மாத்திரை

குப்பம்மாவின் நுரையீரலுக்குப் போகும் குழாய்களில் பழைய ரத்தக் கட்டிகள் இறுகிக் கிடந்தன. அதனால் அங்கே அழுத்தம் ஏறி, கோவளத்தில் கரையிலிருந்து பஸ் நிறுத்தம் வரை மீன் கூடையோடு நடக்க முடியாமல் போனது. போன மாதம் தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் தொடை வழியாகக் கம்பி செலுத்தி, பலூனை ஊதி, சில குழாய்களைத் திறந்தார்கள். மிச்சத்தை இன்று திறப்பதாக இருந்தது.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் ஞானஜோதி நெற்றியைச் சுருக்கினார்.

"ரத்தம் உறையாம இருக்கக் குடுத்த மாத்திரை வேலையே செய்யலையே. தினமும் போடறாங்களா?"

"நானே கைல எடுத்துக் குடுக்கறேன் டாக்டர்," என்றாள் மகள் ஜெயப்ரியா. "ஒரு நாள்கூட வுட்டதில்ல."

"அப்ப இந்த டோஸ் பத்தல. ரெண்டு மடங்கு ஆக்கிடலாம்."

குப்பம்மா தன் விரல்களைப் பார்த்தாள். ஞாயிறும் புதனும் சேலையூர் கேம்ப் ரோட்டில் அவள் கடை. மீன் அறுக்கும்போது கீறல் படாத நாள் கிடையாது. முன்பெல்லாம் விரலை ஐஸில் வைத்தால் ரத்தம் நின்றுவிடும். மாத்திரை தொடங்கிய பிறகு நிற்கவில்லை. ஒருநாள் வஞ்சிரத் துண்டின் மேல் சொட்டியது. வாங்க வந்தவர் நீட்டிய பையை இழுத்துக்கொண்டார். "இன்னாமா, மீன விக்கறியா, உன் ரத்தத்த விக்கறியா?" பக்கத்துக் கடைக்காரி சிரித்தாள். அதிலிருந்து கடை நாட்களில் மாத்திரையை நாக்கடியில் வைத்திருந்து, வாசலைத் தாண்டியதும் துப்பினாள்.

டாக்டர் எழுதத் தொடங்கிவிட்டார்.

"ஏத்தாதீங்க டாக்டரம்மா," என்றாள் குப்பம்மா. "கடை போட்ற நாள்ல நான் அத முழுங்கறதில்ல."

ஜெயப்ரியா தாயைத் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டர் பேனாவை மூடினார்.

"நல்லவேளை சொன்னீங்க. டோஸ ஏத்தியிருந்தா உள்ளுக்குள்ளயே ரத்தம் கசிஞ்சிருக்கும். ஆனா இன்னிக்கு பலூன் வேணாம். புதுசா கட்டி வந்திருக்கான்னு ஸ்கேன்ல பாக்கணும்."

"தொறந்தது மூடிகினு இருக்குமா?"

"பாத்தாதான் தெரியும்."

ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு நாளைக்குத்தான் என்றார்கள்.

"என்னாண்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" பஸ் நிறுத்தத்தில்தான் ஜெயப்ரியா வாய் திறந்தாள்.

"சொன்னா கடைய மூடுன்னுவ."

"மூட வேணாம். நான் அறுக்கறேன். நீ வித்துகினு குந்து."

"நீயா? செதில் மேல பட்டாலே மூஞ்சியச் சுளிப்ப."

பஸ் வந்தது. போன மாதம் பலூன் வைத்த பிறகு குப்பம்மா நிற்காமல் ஏறிய படிகள்தான். இன்று முதல் படியில் காலை வைத்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"ஏறும்மா, வண்டி எடுக்கணும்," என்றார் கண்டக்டர்.

மூச்சு திரும்புவதற்காக அவள் காத்திருந்தாள். பின்னாலிருந்து மகளின் கை முதுகில் பட்டது. தள்ளவில்லை.