பொறுமையாரும் பின்கதவும்

ரொட்டிக்கடைக்காரர் யாரையும் திட்டமாட்டார். குரலை உயர்த்தமாட்டார், முகத்தைக்கூடச் சுளிக்கமாட்டார். பகலில் எது நடந்தாலும் ஒரு புன்னகையோடு விழுங்கிக்கொள்வார். மாலையில் குடும்ப ஜெபத்துக்கு முழங்காலிட்டதும், விழுங்கியதையெல்லாம் ஒன்றுவிடாமல் ஆண்டவரிடம் ஒப்புவித்துவிடுவார்.

"ஆண்டவரே, உமது அடியாள் ஒருத்தி இன்று பாலை அடுப்பில் வைத்துவிட்டு அடுத்த வீட்டு அம்மாளோடு பேசப் போனாள். பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அவளுக்குப் பொறுப்புணர்வைத் தாரும்."

அவர் முடித்ததும் மனைவி தொடங்குவாள்.

"ஆண்டவரே, ஈரத்துண்டைக் கட்டிலில் போடுகிற உமது அடியான் ஒருவனுக்கு, துணிக்கொடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டியருளும்."

கடையில் மாவு பிசைபவன் மனைவியின் தம்பி. அக்கா வீட்டிலேயே சாப்பாடு, ஜெபமும் அவர்களோடுதான். அவன் சிரிப்பை அடக்க முகத்தைக் கைகளில் புதைத்துக்கொள்வான். அக்காட்சியைக் காண்பவர்கள் அவனை மிகுந்த பக்திமான் என்று எண்ணிக்கொள்வார்கள். ஆக, அந்த வீட்டில் சண்டையே கிடையாது, ஜெபம் மட்டும்தான்.

சபையார் ரொட்டிக்கடைக்காரருக்குப் 'பொறுமையார்' என்று பெயர் சூட்டியிருந்தார்கள். அவரும் அதை முழு மனத்தோடு நம்பினார். கெட்டிலின் மூடி அசையவில்லையே, உள்ளே தண்ணீர் எப்படிக் கொதிக்கும் என்று கேட்கும் ரகம் அவர். கெட்டிலின் மூக்கு வழியாக ஆவி போய்க்கொண்டிருப்பதை அவர் கவனித்ததில்லை.

ஒரு புதன்கிழமை போதகர் கடைக்கு வந்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை நீங்க சபையில உங்க அனுபவத்தைச் சாட்சியா சொல்லணும் ஐயா. உள்ளத்தின் பலம்கிறதுதான் தலைப்பு. உங்களை விட்டா வேற யாரு?"

அன்று முதல் பொறுமையாருக்குக் கால் தரையில் பாவவில்லை. விடியற்காலையில் கடையின் பின்கதவைத் திறந்து, வெளுக்கும் வானத்தைப் பார்த்துச் சிறிது நேரம் ஜெபிப்பது அவர் வழக்கம். இப்போது ஜெபத்தோடு சாட்சிக்கான ஒத்திகையும் சேர்ந்துகொண்டது. "பொறுமை என்பது யாதெனில்..." என்று கண்களை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

வியாழக்கிழமை காலை மாவு எழும்பவில்லை. மைத்துனன் வழக்கம்போல் மாவைப் பிசைந்து, உருட்டித் தட்டுகளில் வைத்து, துணியால் மூடிவிட்டு, அது உப்பும்வரை மாவு மூட்டைமேல் சற்றுக் கண்ணயர்ந்திருந்தான். வெந்து வந்த ரொட்டிகள் சுத்தியலுக்கு உறவுக்காரர்கள் போலிருந்தன. வாடிக்கையாகக் காலையில் வரும் தையல்காரர் ஒன்றை எடுத்து மேசையில் தட்டிப் பார்த்தார்.

"இதை வச்சு ஆணி அடிக்கலாம் போலிருக்கே!"

பொறுமையார் புன்னகையோடு விழுங்கிக்கொண்டார். அன்று மாலை அவர் வீட்டில் சபையாரின் வாராந்தர ஜெபக்கூட்டம். கூடம் நிறைந்திருந்தது. அவர் முறை வந்தது.

"ஆண்டவரே, வேலை நேரத்தில் மூட்டைமேல் தூங்கி, பிழைக்கும் தொழிலைக் கல்லாக்கிய சகோதரன் ஒருவனை உமது பாதத்தில் வைக்கிறோம்."

மூடியிருந்த கண்களெல்லாம் அரைக்கண்ணாகத் திறந்து ஒரே பக்கம் திரும்பின. மைத்துனன் இம்முறை முகத்தைப் புதைக்கவில்லை. எழுந்தே நின்றுவிட்டான்.

"அத்தான், நான் உங்களுக்குக் கையெட்டுற தூரத்துலதான் முழங்கால் போட்டிருக்கேன். என்கிட்ட சொல்ல வேண்டியதை எதுக்கு மேல அனுப்பிக் கீழ இறக்குறீங்க? திங்கட்கிழமையிலேருந்து நான் சந்தைத்தெரு ரொட்டிக்கடைக்குப் போறேன். அங்க முதலாளி வாயாலயே திட்டுவாராம். நிம்மதியா இருக்கும்."

தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நண்பன் அறைக்குப் போய்விட்டான். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் பொறுமையாரே மாவைப் பிசைந்தார். தட்டுகளில் வைத்தார். பின்கதவைத் திறந்து, கோபித்துப் போன சகோதரனுக்காக உருக்கமாக ஜெபித்தார். கண்ணைத் திறந்தபோது மனைவி போர்வையைப் போர்த்திக்கொண்டு பின்னால் நின்றாள்.

"ஏங்க, எனக்கே இப்படி விறைக்குதே, மாவுக்குக் குளிராதா?"

துணியை விலக்கினார். உருண்டைகள் வைத்தது வைத்தபடி சப்பென்று கிடந்தன. கதவுக்கு நேர் எதிரே தட்டுகள். கதவு வழியே ஊசிபோல் வாடைக்காற்று. இன்று மூட்டைமேல் யாரும் தூங்கவில்லை.

"இன்னைக்கு யாருக்காக ஜெபம் பண்ணப் போறீங்க? ஆளைச் சொல்லுங்க, நானும் சேர்ந்து ஆமென் போடுறேன்" என்றாள் மனைவி.

"ஆண்டவரே, நீரே அவன் மனத்தோடு பேசி..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். இந்த வேலையையும் ஆண்டவர் தலையிலேயே கட்டுவதா? நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று செருப்பை மாட்டினார். தெருமுனை வரை போனார். கால் அதற்குமேல் நகரவில்லை. ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு திரும்பினார். சனிக்கிழமையும் புறப்பட்டார், இன்னொரு தீப்பெட்டி வந்தது. உள்ளத்தின் பலத்தைப் பற்றிப் பேச இருந்தவர் தம் உள்ளத்தைத் தட்டிப் பார்த்தார். காலி மாவு டின்னைப்போல் ஒலித்தது. அன்று மாலை, வாழ்நாளிலேயே மிகச் சிறிய ஜெபத்தைச் செய்தார். அதில் வேறு எந்தச் சகோதரனும் வரவில்லை.

"பயமா இருக்கு ஆண்டவரே. எனக்குக் கொஞ்சம் பலம் தாரும்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் அவரை அழைத்தார். கடைசி பெஞ்சில், வாசலை ஒட்டி, மைத்துனன் உட்கார்ந்திருந்தான். பொறுமையார் முன்னால் வந்து நின்றார். பழக்கதோஷத்தில் கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

"ஆண்டவரே, உமது அடியான் ஒருவன்..."

பெண்கள் பக்கத்திலிருந்து மனைவி செருமினாள்.

கண்ணைத் திறந்தார். அத்தனை முகங்களும் அவரையே பார்த்தன. இம்முறை கால் நகர்ந்தது. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து கடைசி பெஞ்சுக்குப் போய் மைத்துனன் எதிரில் நின்றார்.

"மச்சான், மாவு எழும்பாததுக்கு நீ காரணமில்ல. கதவைத் திறந்து வச்சுக்கிட்டு இந்தச் சாட்சியை ஒத்திகை பாத்தது நான்தான். எல்லார் முன்னாடியும் உன்னை அவமானப்படுத்தினேன். அதனால எல்லார் முன்னாடியும் கேக்குறேன். என்னை மன்னிச்சிடுப்பா. நீ சந்தைத்தெருவுக்குப் போறதா இருந்தாலும், நானே வந்து அந்த முதலாளிகிட்ட உன் கைப்பக்குவத்தைப் பத்திச் சொல்றேன்."

மைத்துனன் கண்கள் கலங்கின. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"கண்ணைத் திறந்துக்கிட்டே சொல்லிட்டீங்களே அத்தான்! மன்னிச்சாச்சு, விடுங்க. ஆனா நான் திரும்பி வரணும்னா, இனிமே எங்கிட்ட கோவம் வந்தா நேரா திட்டணும்."

"திட்டுறேன்டா. ஆண்டவரை முன்னிட்டு..."

மனைவி மறுபடி செருமினாள்.

"நானே திட்டுறேன்" என்று அவர் திருத்திக்கொண்டார்.

சபையில் முதலில் சிரித்தவர் போதகர்தான். தையல்காரர், "அப்ப நாளைக்கு ரொட்டியைக் கடிக்கலாமா?" என்று உரக்கக் கேட்டார்.

திங்கட்கிழமை விடியற்காலையில் பொறுமையார் பின்கதவைச் சாத்தித் தாழிட்டார். தட்டுகளின் பக்கத்தில் நின்று, உதடு அசையாமல் ஜெபித்தார். துணிக்கடியில் மாவு சத்தமில்லாமல் உப்பிக்கொண்டிருந்தது. மூட்டைமேல் மைத்துனன் சுருண்டு கிடந்தான். போர்வை தரையில் கிடந்தது. அவர் அதை எடுத்து அவன்மேல் இழுத்துப் போர்த்திவிட்டு, வாழ்க்கையில் முதன்முறையாக வாய்விட்டுத் திட்டினார்.

"அறிவிருக்காடா உனக்கு? இந்தக் குளிர்ல போர்வையில்லாமயா தூங்குவாங்க?"