இரண்டு துண்டு ஈரல்

முருகானந்தம் செத்து ஒரு வருஷம் முடிந்த அன்று, அவருடைய மூத்த மகன் செல்வராஜ் ஒரு தூக்கு நிறைய மிளகு ஈரல் வறுவலோடு கொல்கத்தாவின் பெஹாலாவில் இருந்த தங்கை வீட்டுக்குக் கிளம்பினான்.

ஹவுராவில் ஒரு போல்ட் பட்டறையில் அவனுக்கு ராத்திரி ஷிப்ட். விடிந்ததும் மெஷினை நிறுத்திவிட்டுக் கறிக்கடை வாசலில் நின்றான். கடை திறந்ததும் அரைக் கிலோ ஈரல் வாங்கி, தன் ஒற்றை அறையில் பம்ப் ஸ்டவ்வில் வறுத்தான். ருசி பார்க்கவில்லை. படையலுக்குச் சமைப்பதை வாயில் வைக்கக் கூடாது. செத்தவர் முதலில், அப்புறம் காக்கை, அப்புறம்தான் மனுஷன். உப்பு சரியா தப்பா என்று தெரியாமலே மூடியை அழுத்திக்கொண்டு லாஞ்ச் ஏறி ஆற்றைக் கடந்தான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் மூக்கை உறிஞ்சி, யாருக்கு இதெல்லாம் என்று வங்காளத்தில் கேட்டான்.

"என் அப்பனுக்கு."

"நல்ல பிள்ளை நீ, அண்ணா" என்றான் அவன்.

செல்வராஜுக்கு ஐம்பது வயது. முப்பத்தொன்பது வருஷமாக ஈரலை வாயில் வைத்ததில்லை. பதினோரு வயதில் உலகத்திலேயே அவனுக்குப் பிடித்த பொருள் அதுதான். பிடித்தது என்றால் வாசனை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில்வே குவார்ட்டர்ஸில் அம்மா ஈரல் வறுப்பாள். அப்பா ரம் பாட்டிலோடு உட்கார்ந்து ஒரு துண்டு மிச்சமில்லாமல் தின்பார். கடையில் தன் கண் முன்னால் வெட்டச் சொல்லித் துண்டுகளை எண்ணிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். கஞ்சத்தனத்தில் செய்கிற காரியம் இல்லை அது. எண்ணுவதில் அவருக்கு ஒரு குஷி.

ஒரு ஞாயிறு, பதினாறுக்குப் பதினாலு இருந்தது.

"எந்தக் கை?" என்று கேட்டார்.

எடுத்தது வலது கை. மறுநாள் பரீட்சை இருந்ததால் செல்வராஜ் இடது கையை நீட்டினான். முருகானந்தம் அந்தக் கையைப் பிடித்துச் சமையலறைக் கதவின் கீல் பக்கத்து இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினார். திறந்தார். மறுபடி சாத்தினார். துண்டுக்கு ஒரு தடவை. "ஒண்ணுதாம்ப்பா எடுத்தேன்" என்று செல்வராஜ் கத்தியதற்கு, பொய் சொன்னதுக்காக இது என்று மூன்றாவது தடவையும் சாத்தினார். அம்மா கிருஷ்ணம்மாள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். தங்கை தமிழரசி அவள் வயிற்றில் ஏழு மாதம். ஆஸ்பத்திரியில், கதவில் மாட்டிக்கொண்டான் என்று எழுதிக்கொண்டார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு நிமிரவே இல்லை.

பத்தொன்பது வயதில் படிப்பை விட்டான், வீட்டையும் விட்டான். அப்பா செத்த செய்தி போனில் வந்தபோது அவன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். அடித்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினான்.

கதவைத் திறந்தவள் தமிழரசி. தலைக்குக் குளித்து ஈர முடியை முடிந்திருந்தாள். அவள் புருஷன் பேங்குக்கும், மகள் மதுவந்தி பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்தார்கள். கூடத்தில் அப்பாவின் படம், மாலை, ஊதுபத்தி. படத்துக்கு முன்னால் வாழை இலை. இலையில் குழைந்த சோறு, பாலில் ஊறிய பொரி, இரண்டு சந்தேஷ் இனிப்பு, ஒரு மண்சட்டி நிறைய மிஷ்டி தோய், அந்தச் செம்மண் நிற இனிப்புத் தயிர். பச்சைக் குழந்தைக்கு வைத்த இலை மாதிரி இருந்தது.

"என்னண்ணே தூக்குல?"

"படையலுக்கு."

அவள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடினாள். "ஈரலா? அப்பாவுக்குக் கறி வாடையே ஆகாதேண்ணே. மது முட்டை தின்னாலே ஜன்னலைத் தொறக்கச் சொல்லுவாரு."

"எந்த அப்பாவுக்கு?"

"நமக்கு எத்தனை அப்பா?"

"எனக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன். நீ சொல்றவன் யாருன்னு தெரியல."

தமிழரசி சிரித்தாள். சண்டையைத் தவிர்க்கச் சிரித்தாள். "இந்தத் தெருவுல யாரை வேணா கேளு. மிஷ்டி தாது, இனிப்புத் தாத்தான்னுதான் கூப்பிடுவாங்க. கடைசி ஒம்பது வருஷம் அவரு வாயில தோய் தவிர வேற எதுவும் ஆசைப்பட்டு இறங்கல. நான் ஊட்டியிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"ஒம்பது வருஷம் நீ ஊட்டுனே. அதுக்கு முன்னாடி?"

"வயசானா நாக்கு மாறும், மனசும் மாறும். மாறிட்டாரு. விடேன்."

"மாறல" என்றான் செல்வராஜ். "பல்லு விழுந்துச்சு."

சமையலறையிலிருந்து கிருஷ்ணம்மாள் வடைத் தட்டோடு வந்தாள். தூக்கைப் பார்த்தாள். அது என்ன என்று கேட்கவில்லை. வாசனையே சொல்லியிருக்கும். தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தாள். அப்போது அவளுக்கு எழுபத்திரண்டு வயது. காலை மடக்க நேரம் பிடித்தது.

"அம்மா, நீ சொல்லு. அப்பனுக்கு எது பிடிக்கும்?"

"கடைசியா தயிருதான் கேட்டாரு" என்றாள் அவள்.

"கடைசியா கேட்டதைக் கேக்கல."

"செத்தவரைப் பத்தி இன்னிக்கு என்னடா பேச்சு? இலையை எடுத்துட்டுப் போய்க் காக்காவைக் கூப்பிடுங்க. மணியாச்சு."

செல்வராஜுக்கு அன்று வேண்டியது இரண்டே இரண்டு. அந்த இலையில் ஈரல் விழ வேண்டும். அவர் இதைத்தான் தின்றார், இதற்காகத்தான் உன் விரலை உடைத்தார் என்று அம்மா தன் வாயால், தமிழரசி காதில் விழும்படி ஒரு தடவை சொல்ல வேண்டும். இந்த வீட்டில் அவன் விரலுக்குச் சொல்லப்படுகிற கதையே வேறு. துடுக்குப் பையன், கதவில் விளையாடி நசுக்கிக்கொண்டான். மதுவந்தியும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். படத்தில் இருக்கிற ஈறு தெரியச் சிரிக்கும் கிழவனுக்கும் அந்த விரலுக்கும் சம்பந்தமே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். தயிரையும் பொரியையும் தின்றுவிட்டு அந்த ஆள் நல்லவனாகவே மேலே போய்விடுவான்.

அவன் குந்தி உட்கார்ந்து தூக்கைத் திறந்து, கரண்டியில் ஈரலை எடுத்து இலையை நோக்கி நீட்டினான். தமிழரசி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம்ணே. தீட்டு மாதிரி. அவரு வாந்தி எடுப்பாரு."

"செத்தவன் வாந்தி எடுப்பானா?"

"ஒம்பது வருஷம் மூத்திரம் அள்ளுனவ நான். என்ன வைக்கணும்னு நான்தான் சொல்லுவேன். நீ தீபாவளிக்குக்கூட வந்ததில்ல. பழைய கதைக்கு இன்னிக்கு வந்து கறி வைக்கிறே. கதவுல கையைக் குடுத்தது நீ. அதுக்கு அவரு மேலயா பழி?"

செல்வராஜ் கையை உதறினான். உதறிய வேகத்தில் கரண்டி பறந்து படத்தில் அடித்தது. கிழவனின் சிரிப்பின் மேல் மசாலா வழிந்தது. தமிழரசி அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவன் எழுந்து அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். பட்டறையில் இரும்பு தூக்குகிற கை. அவள் முகம் சுவரில் போய் மோதியது. திரும்பியபோது உதடு பிளந்து ரத்தம் மோவாய் வரை இறங்கியிருந்தது. அவள் அழவில்லை. படையலுக்கு வைத்திருந்த பித்தளைச் சொம்பைத் தண்ணீரோடு எடுத்து அவன் வாயிலேயே வீசி அடித்தாள்.

சத்தம் மண்டைக்குள் கேட்டது. தண்ணீர் எது, ரத்தம் எது என்று தெரியவில்லை. முன்பல் ஒன்று நாக்கின் மேல் கிடந்தது. பக்கத்துப் பல் தொங்கியது. அவன் அவள் முடியைப் பிடித்தான். அவள் அவன் இடது கையை, நிமிராத அந்த விரல்களைப் பார்த்துக் கடித்தாள். இருவரும் இலையின் மேல் விழுந்தார்கள். பொரியும் சோறும் நசுங்கின. மண்சட்டி உருண்டு சுவரில் இடித்து நின்றது. செல்வராஜின் முட்டி அவள் விலாவில் இறங்கியது. அவள் முனகலை அவன் முன்பே கேட்டிருக்கிறான். அம்மாவின் முனகல். அவன் கை தானாகத் தளர்ந்தது.

இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தபோது கிருஷ்ணம்மாள் பேசினாள்.

"உப்பு இல்ல."

அவள் சுவரோரம் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். தூக்கு அவள் மடியில் இருந்தது. வாய் மென்றுகொண்டிருந்தது. செத்தவருக்கு முன்னால், காக்கைக்கு முன்னால், அவள் தின்றுகொண்டிருந்தாள்.

"மிளகும் பத்தாது. இப்படி வச்சா அவரு தட்டைத் தூக்கி என் மூஞ்சியில எறிவாரு" என்றாள்.

தமிழரசி தலையைத் தூக்கினாள். "யாரு? அப்பாவா?"

"பின்ன யாரு."

"அம்மா."

"அன்னிக்கு இவன் எடுத்தது ஒரு துண்டுதான்" என்றாள் கிருஷ்ணம்மாள். யாரையும் பார்க்காமல் தூக்குக்குள் பார்த்துச் சொன்னாள். "ரெண்டு கொறஞ்சுச்சு. இன்னொண்ணு நான் தின்னேன். உப்புப் பாத்தேன்னு சொல்லலாம், ஆனா அது பொய். நீ வயித்துல இருந்தே. கறி வாடை வந்தாலே வாய் ஊறும். அதுக்கு முன்னாடியும் எனக்கு ஈரல் பிடிக்காது, உன்னைப் பெத்ததுக்கு அப்புறமும் பிடிக்கல. அந்த மூணு மாசம்தான். எடுத்துத் தின்னுட்டேன். அவரு எண்ணுவாருன்னு தெரியும். தெரிஞ்சுதான் தின்னேன்."

"சொல்லியிருக்கலாம்ல" என்றான் செல்வராஜ். பல்லில்லாத இடத்தில் காற்று போனது.

"சொன்னா என்னைச் சாத்தியிருப்பாரு. இவ போயிருப்பா."

அவன் எழுந்தான். அவனுக்கே தெரியாமல் அவன் வாயிலிருந்து அது வந்தது. குரல்கூட அவனுடையதாக இல்லை.

"எந்தக் கை?"

கிருஷ்ணம்மாள் தூக்கைக் கீழே வைத்தாள். சுவரைப் பிடித்து எழுந்து சமையலறைக் கதவுவரை நடந்தாள். வலது கையை நீட்டி, நான்கு விரல்களையும் கீல் பக்கத்து இடுக்கில் வைத்தாள். எங்கே வைக்க வேண்டும், எவ்வளவு உள்ளே தள்ள வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. தடவிப் பார்க்கவே இல்லை. தமிழரசி தரையில் கிடந்தபடி அதைப் பார்த்தாள். அம்மாவின் நகங்கள் ஏன் அப்படி வளைந்திருக்கின்றன என்று இத்தனை வருஷம் அவள் கேட்டதில்லை.

"சாத்துறதுன்னா ஒரே தடவையாச் சாத்து" என்றாள் கிருஷ்ணம்மாள். "அவரு ஆற அமரச் சாத்துவாரு."

செல்வராஜ் கதவைப் பிடித்திருந்தான். தோள் இறுகியிருந்தது. சாத்தியிருப்பான். ஒரு கணம் சாத்தத்தான் போனான், அதை அவன் பிற்பாடும் மறுக்கவில்லை. ஆனால் விரல்கள் நிமிராத இடது கை கதவில் வழுக்கியது. அம்மாவின் கையைப் பிடுங்கி வெளியே இழுத்துவிட்டு, கதவை எட்டி உதைத்தான். அது சுவரில் மோதிக் காரை உதிர்ந்தது. மேல் கீல் பிய்ந்து கதவு கோணலாகத் தொங்கியது. மறுபடி உதைத்தான். கீழ்க் கீலும் போகும்வரை உதைத்தான்.

தமிழரசி தவழ்ந்து போய்ப் புது இலை ஒன்றை எடுத்தாள். துடைக்காமல், தண்ணீர் தெளிக்காமல் படத்துக்கு முன்னால் விரித்தாள். தூக்கைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஈரல் குவியலாக விழுந்தது.

"தின்னு" என்றாள் படத்தைப் பார்த்து. உதட்டு ரத்தம் ஒரு சொட்டு குவியலில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை.

செல்வராஜ் உட்கார்ந்தான். கேட்டது இரண்டும் கிடைத்துவிட்டது. கையை நீட்டி இலையிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டான். முப்பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு முதல் கடி. உடைந்த பல்லில் பட்டு மண்டைவரை ஏறியது வலி. வலியைப் பொறுத்துக்கொண்டு ஓரப் பல்லால் மென்றான். உப்பில்லை, அம்மா சொன்னது சரிதான். ரப்பர் மாதிரி இருந்தது. பஸ்ஸில் வரும்போது அடித்த வாசனைகூட இப்போது இல்லை, ரத்த வாடைதான் இருந்தது. மாவு மாதிரி நாக்கில் ஒட்டியது. இதற்காகவா என்று நினைத்தான். துப்பினான்.

கிருஷ்ணம்மாள் சுவரோரம் கிடந்த மண்சட்டியை எடுத்தாள். பாதித் தயிர் மிச்சமிருந்தது. அதை அவன் பக்கம் தள்ளினாள்.

"வாய் எரியும். இதைத் தின்னு."

"வேணாம்."

"இதைத் தவிர ஒண்ணும் இறங்காது உனக்கு."

விரலால் வழித்து வாயில் வைத்தான். சில்லென்று இருந்தது. மெல்ல வேண்டியிருக்கவில்லை. பல் போன குழியில் அது போய் உட்கார்ந்ததும் வலி கொஞ்சம் அடங்கியது. இன்னொரு தடவை வழித்தான். இனிப்பு தொண்டையில் இறங்கியது. இவ்வளவு வருஷம் இந்த ஊரில் இருந்தும் அவனுக்கு அது பிடித்ததே இல்லை. சட்டியின் அடிவரை வழித்தான்.

நன்றாக இருந்தது. சட்டியைச் சுவரில் அடித்து உடைத்தான்.