பொய் பம்பு

பம்பு தயாரிக்கும் அந்த ஆலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மீட்டரம்மா என்றால்தான் தெரியும். சோதனை அறையில் பதினோரு வருடம். ஒரு பம்பை ஓடவிட்டு அதன் மேல் உள்ளங்கையை வைத்தாளானால், உள்ளே பேரிங் சரியில்லை என்பதை மெஷின் சொல்வதற்கு முன் அவள் சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கத்தானே செய்யும்?

அந்தக் கர்வத்தில்தான் மண் விழுந்தது. இனிமேல் பம்பின் அதிர்வைக் கம்ப்யூட்டர்தான் அளக்கும் என்று நிர்வாகம் முடிவு செய்தது. சோதனை அறையில் இருக்க விரும்புகிறவர்கள் பதினைந்து நாளில் ஒரு சின்ன புரோகிராம் செய்து காட்ட வேண்டும். முடியாதவர்கள் பேக்கிங் கொட்டகைக்குப் போய் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டலாம். சம்பளம் அதேதான். ஆனால் டேப் என்ற சொல்லைக் கேட்டாலே மீட்டரம்மா அங்கிருந்து எழுந்து போய்விடுவாள்.

செய்ய வேண்டிய புரோகிராம் இதுதான். நிஜப் பம்பு இல்லாமலே, பம்பு ஓடினால் எப்படி அதிர்வு வருமோ அதே மாதிரி ஓர் அலையைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே உண்டாக்கித் திரையில் ஓடவிட வேண்டும். அளக்கிற கருவியை நம்புவதற்கு முன் பொய் அலையைக் கொடுத்துப் பார்க்க இது உதவுமாம். எழுத்து எழுத்தாக அடிக்கிற வேலை இல்லை. திரையில் சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்கும். அவற்றை இழுத்து வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வயர் இழுத்தால் போதும். முன்பக்கத்தில் திருகுகிற குமிழ்களும் படமும், பின்பக்கத்தில் வயர்களும். நிஜ சோதனை மேஜையின் மேலும் கீழும் போலத்தான் இருந்தது.

ஸ்டோரில் வேலை பார்க்கிறவர் தன் பழைய லேப்டாப்பை, "மெதுவாத்தான் ஓடும், ஆனா ஓடும்மா" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினார். அந்த மனிதருக்கு மனதுக்குள் ஆயிரம் கும்பிடு போட்டுக்கொண்டே வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

வீட்டில் மாமனாரும் நாத்தனாரும். கணவன் லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் நாலு நாள் சாலையில். நாத்தனாருக்கு முப்பத்தெட்டு வயது. ஆனாலும் வீட்டில் பாப்பாதான். கல்யாணமே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்று ஜெயித்தவள், வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் துணி தைக்கிறாள். அண்ணிக்கும் அவளுக்கும் சண்டை என்று சொல்ல முடியாது. ஒட்டுதல் என்றும் சொல்ல முடியாது. ஒரே சமையலறையில் இரண்டு பேரும் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் பதின்மூன்று வருடம் ஓட்டியிருந்தார்கள்.

அந்தப் பதினைந்து நாளும் பாப்பா ஒரு வார்த்தை பேசாமல் இரவுச் சமையலைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். மீட்டரம்மா அதைக் கவனிக்கக்கூட இல்லை. அவளுக்கு வயர் இழுக்கவே நேரம் போதவில்லை.

முதல் வாரத்தில் ஒரு கூத்து நடந்தது. 'நிறுத்து' பொத்தானை, திரும்பத் திரும்ப ஓடுகிற சுற்றுக்கு வெளியே வைத்துவிட்டாள். புரோகிராம் ஓட ஆரம்பித்தது. நிறுத்து, நிறுத்து என்று எத்தனை முறை அழுத்தினாலும் அதன் காதில் விழவே இல்லை. கடைசியில் லேப்டாப்பையே அணைக்க வேண்டியதாயிற்று.

மாமனார் சாய்வு நாற்காலியில் இருந்தபடி கேட்டார். "ஏம்மா, இந்தப் பொய் பம்புல தண்ணி வருமா?"

"வராது மாமா."

"நிறுத்தவும் முடியாது, தண்ணியும் வராது. அப்புறம் எதுக்கும்மா இது?"

பொத்தானைச் சுற்றுக்கு உள்ளே நகர்த்தியதும் அது சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய தலைவலி.

தேர்வு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. ஞாயிறு காலை வரை திரையில் அலையே வரவில்லை. படத்தின் நடுவில் ஒரு நேர்க்கோடு, அவ்வளவுதான். வயரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். எங்கும் அறுபடவில்லை. அலையின் உயரத்தைக் கூட்டும் குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருகினாள். கோடு அசையவில்லை. வேகத்தை ஐம்பதிலிருந்து நாற்பத்தொன்பதுக்கு இறக்கினால் சோம்பேறித்தனமாக ஓர் அலை எழுந்து நெளிந்தது. ஐம்பதில் வைத்தால் மறுபடி செத்த கோடு. அவர்கள் பம்பு எல்லாம் வினாடிக்கு ஐம்பது சுற்று. தேர்வில் கேட்கப் போவதும் அந்த ஐம்பதைத்தான்.

தப்பு எங்கே என்றால், அவளுடைய பதினோரு வருட அனுபவத்தில் இருந்தது. வினாடிக்கு எத்தனை முறை அளவு எடுக்க வேண்டும் என்று புரோகிராம் கேட்டபோது, யோசிக்காமல் அதற்கும் ஐம்பது என்று கொடுத்திருந்தாள். சோதனை அறையில் விட்டுவிட்டு மின்னுகிற கைவிளக்கு ஒன்று உண்டு. ஓடுகிற பம்பின் தண்டின் மேல் அதை அடித்து, மின்னும் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே வருவாள். தண்டு அசையாமல் நிற்பது போலத் தெரிந்தால் விளக்கின் வேகமும் தண்டின் வேகமும் ஒன்று. அந்த எண்ணைக் குறித்துக்கொள்வாள். இரண்டும் பொருந்தினால் சரி என்பது அவள் கையில் ஊறிப்போன பழக்கம். வேறு எந்தத் தொழில்காரனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

அன்றைக்கு அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பாப்பா அப்பாவின் மருத்துவச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணி, புதன்கிழமை டாக்டர்கிட்ட போகணும். இந்தத் தடவையாவது அப்பா கை நடுங்குறதைச் சொல்லுங்க."

மாமனாருக்கு மூன்று வருடமாகக் கை நடுக்கம். காலை ஒன்பது மணிக்கு அவரை மருத்துவரிடம் அழைத்துப்போய், வேலைக்குத் தாமதமாகப் போகிறவள் மீட்டரம்மாதான். எப்படி இருக்கிறது என்று மருத்துவர் கேட்பார். பரவாயில்லை என்று இவள் சொல்வாள். அதே மாத்திரை, அதே அளவு.

"எங்க நடுங்குது?" மீட்டரம்மாவுக்கு எரிச்சல் மூக்கு நுனிக்கு வந்தது. "தினமும் எட்டு மணிக்கு நான்தானே டீ குடுக்குறேன்? ஒரு சொட்டு சிந்துதா? நீதான் சும்மா பெருசு பண்ற."

பாப்பாவுக்கும் அன்று பொறுமை போயிற்று. "தினமும் எட்டு மணிக்கே பார்த்தா என்ன தெரியும்? ஏழு மணிக்கு மாத்திரை போடுறாரு. எட்டு மணிக்குக் கை அசையாமத்தான் நிக்கும். அதுக்கு அப்புறம் ஏறும், இறங்கும், ஏறும். சாயங்காலம் நாலு மணிக்கு வந்து பார்த்திருக்கீங்களா? நீங்க எப்பவும் அவரு நல்லா இருக்கிற நேரமாப் பார்த்துப் பார்த்து வர்றீங்க!"

மீட்டரம்மா சட்டென்று நிமிர்ந்தாள். திரையைப் பார்த்தாள், பாப்பாவைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"என்ன சொன்ன? திரும்பச் சொல்லு."

"ஏன், சண்டைக்கா?"

"ஐயோ, சண்டை இல்லடி பாப்பா. கடைசியாச் சொன்னதைச் சொல்லு!"

"நல்லா இருக்கிற நேரமாப் பார்த்துப் பார்த்து வர்றீங்கன்னேன்."

அலை ஒவ்வொரு சுற்றிலும் மேலே போய், கீழே இறங்கி, நடுவுக்கு வருகிறது. அது நடுவுக்கு வருகிற நேரமாகப் பார்த்துப் பார்த்து இவள் ஓர் அளவு எடுக்கிறாள். வினாடிக்கு ஐம்பது முறையும் அதே இடம். கோடு நேராக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? மின்னுகிற விளக்கில் நின்ற தண்டு நிஜமாகவா நிற்கிறது? அவள் கை தானாக எண்ணை அழித்து ஆயிரம் என்று அடித்தது. சுற்றுக்கு இருபது அளவு. பழைய லேப்டாப் ஒரு முறை மூச்சு வாங்கியது. பிறகு திரை முழுக்க அலை அலையாக ஓடியது.

மீட்டரம்மா சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டிச் சிரித்தாள்.

"நான் அப்பா கையைப் பத்திப் பேசுறேன். நீங்க கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு, பாப்பா சீட்டை மேஜையில் வைத்துவிட்டுத் தையலுக்குத் திரும்பினாள். அதுகூட மீட்டரம்மாவின் காதில் பாதிதான் விழுந்தது. உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும்? தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டாள். மீதியை அப்படியே விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை தேர்வுக்கு வந்தவர் கண்ணாடி போட்ட ஓர் இன்ஜினியர், வெளியிலிருந்து வந்தவர். அதிகம் பேசவில்லை. ஐம்பதில் ஓடவிடச் சொன்னார். அலை ஓடியது. நிறுத்தச் சொன்னார். நின்றது. அவ்வளவோடு விட்டிருந்தால் அவர் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். மீட்டரம்மாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

"சார், இன்னொண்ணு காட்டட்டுமா?" என்று கேட்டு, ஆயிரத்தை மறுபடி ஐம்பதாக்கினாள். கோடு படுத்துவிட்டது.

"இது ஏன் இப்படி ஆகுது, சொல்லுங்க?"

"எங்க மின்னுற விளக்கு மாதிரிதான் சார். நாம பார்க்குற நேரமும் அது சுத்தி வர்ற நேரமும் ஒண்ணாப் போச்சுன்னா, நின்னுட்ட மாதிரி தெரியும். ஆனா நிக்கல சார். நின்னுடுச்சுன்னு நம்பித் தொட்டா கை போயிடும். நாம பார்க்காத நேரத்துலதான் அது ஆடிக்கிட்டு..."

தான் சொல்வது அவள் காதிலேயே விழுந்தது. மேஜையில் வைத்த அந்தச் சீட்டு கண் முன் வந்தது. மூன்று வருடமாக ஒன்பது மணிக்கு மருத்துவர் முன் உட்கார்ந்து, பரவாயில்லை, பரவாயில்லை என்று சொன்னது யார்? நல்லா இருக்கிற நேரமாகப் பார்த்துப் பார்த்து வந்தது யார்?

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல சார்."

"நல்லா சொன்னீங்க. இதைப் புரிஞ்சிக்காம மெஷினை நம்பி ஏமாந்தவங்க நிறைய பேரு. யாரு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க?"

"என் நாத்தனார் சார். துணி தைக்கிறா."

இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேற்கொண்டு கேட்காமல் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். சோதனை அறை அவளுக்குத்தான். அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஸ்டோர்க்காரர் வாசலில் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, மத்தியானம் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். பதினோரு வருடத்தில் காரணம் எழுதாமல் கொடுத்த முதல் லீவு அது.

வீட்டு வாசலை மிதித்தபோது நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. கதவு பாதி திறந்திருந்தது. செருப்பை விட்டுவிட்டு ஓசைப்படாமல் நின்றாள்.

மாமனார் நாற்காலியில் இருந்தார். கையில் டீ டம்ளர். அது ஆடுகிற ஆட்டத்தில் டீ விளிம்புக்கு வந்து வந்து போனது. பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து மடியில் ஒரு சட்டையை வைத்துக்கொண்டு, ஒரு கையால் அதன் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டே, இன்னொரு கையை டம்ளருக்குக் கீழே குழித்துப் பிடித்திருந்தாள். சிந்தியது அவள் உள்ளங்கையில் விழுந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் கிடந்த ஈரத் துணியில் துடைத்துவிட்டுக் கையை மறுபடி அதே இடத்தில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற அளவுக்குப் பழகிய வேலை. மூன்று வருடம், ஒவ்வொரு நாலு மணியும்.

மருமகளைப் பார்த்ததும் மாமனார் அவசரமாக டம்ளரை வைத்துவிட்டுக் கையைப் போர்வைக்குள் நுழைத்தார். ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலங்களில் அவர் ஏன் எப்போதும் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"மறைக்காதீங்க மாமா. அதைப் பார்க்கத்தான் வந்தேன்."

"என்ன அண்ணி, இந்த நேரத்துல? தேர்வு என்ன ஆச்சு? போச்சா?" பாப்பா பதறி எழுந்தாள்.

"போகல. கிடைச்சிடுச்சு. நீ வாங்கிக் குடுத்ததுதான்." மீட்டரம்மா அவளுடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். டீயின் சூடு இன்னும் அதில் இருந்தது. "பாப்பா, என் வேலையை நீ காப்பாத்துன, அது பெரிய உபகாரம். ஆனா அதுக்காக இப்ப ஓடி வரல. இத்தனை வருஷமா நான் பார்க்காத நேரத்தையெல்லாம் நீ ஒருத்தி பார்த்திருக்க. ஒரு நாளும் சொல்லிக் காட்டல. டாக்டர்கிட்ட சொல்லுங்கன்னு கேட்டப்பவும் நான் எரிஞ்சு விழுந்தேன். உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

பாப்பாவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பாராட்டிப் பழக்கமில்லாத வீடு. "கையை விடுங்க அண்ணி, பிசுபிசுன்னு இருக்கு" என்றாள். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மீட்டரம்மா மருத்துவமனைக்குப் போன் செய்து, புதன்கிழமைக் காலை ஒன்பது மணியைச் சாயங்காலம் நாலு மணிக்கு மாற்றினாள். மூன்று பேரும் வருவோம் என்று சொன்னாள். பிறகு சோதனை அறை நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டாள். ஒரு பக்கம் நேரம், ஒரு பக்கம் கை. அரை மணிக்கு ஒரு முறை.

"நான் என்ன உங்க ஆலைப் பம்பா?" என்றார் மாமனார்.

"நீங்க நிஜப் பம்பு மாமா. உங்களைத்தான் மூணு வருஷமா சரியா அளக்காம விட்டுட்டேன்."

நோட்டையும் பேனாவையும் பாப்பாவிடம் நீட்டினாள். முதல் அளவை அவள்தான் எழுத வேண்டும் என்று மீட்டரம்மாவுக்குத் தோன்றியது. பாப்பா கையைத் துடைத்துக்கொண்டு, குண்டு குண்டான எழுத்தில், நாலு மணி, நிறைய நடுக்கம் என்று எழுதினாள். மாமனார் போர்வையை விலக்கினார். மருமகளின் முன்னால் முதல் தடவையாக, ஆடுகிற கையாலேயே டம்ளரை எடுத்தார். அதன் கீழே மீட்டரம்மா தன் கையைக் குழித்து வைத்தாள்.