ஐந்து தட்டு, ஐந்து பியர்

தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் குடம் நிரம்புவதற்குள் அந்த அழைப்பிதழ் ஏழு கை மாறிவிட்டது. தங்க எழுத்து. கல்யாணக் கார்டைவிடக் கனம். 'ஐந்து பதார்த்தங்கள், ஐந்து பியர் வகைகள், ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்த்து' என்று அச்சடித்திருந்தது.

"வடைக்கும் பியருக்கும் பொருத்தம் பாக்குறாங்களாம்டீ! எந்த ராசின்னு போட்டிருக்கா?" என்று இராக்கம்மா கேட்க, பீலியடியே சிரித்தது.

ஜெயந்தினி சிரிக்கவில்லை. கார்டு அவள் பெயருக்கு வந்திருந்தது. 'மாதர் சங்கச் செயலாளர் திருமதி ஜெயந்தினி ரெங்கசாமி.' இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பதினேழு வருடத்தில் அவளைத் திருமதி என்று அழைத்த முதல் ஆள் ஒரு பியர் ஆலை.

காரணம் தெரியாமலில்லை. அது 2003. ஹாலிஎலப் பக்கம் புதிதாக எழும்பிய அந்த ஆலை, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்குக் கீழே, பாதை வளையும் முடக்கில் ஒரு பியர்க் கடை திறக்கப் பார்த்தது. தொழிலாளர் லயத்திலிருந்து நூறு காலடி. பள்ளிக்கூடத்திலிருந்து அதைவிடக் குறைவு. அனுமதி வாங்க மூன்று பேர் 'ஆட்சேபனை இல்லை' என்று கையெழுத்துப் போட வேண்டும். தோட்டத் தலைவர் அழகர், பள்ளி அதிபர் ஜெயரட்ணம், மாதர் சங்கத்துக்காக ஜெயந்தினி. ஒருவர் மறுத்தாலும் கடை இல்லை.

அவள் கணவன் ரெங்கசாமி குடியை விட்டு எட்டு மாதம். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நான் திருந்திட்டேன்னு லயமே பேசிக்கிது. அப்புடியெல்லாம் ஒண்ணுமில்ல ஜெயந்தி. சாராயத் தவறண நாலு மைலு தள்ளி இருக்கு, வேல விட்டு வந்தா பஸ்ஸு கெடையாது. அவ்வளவுதான்." கார்டைக் கீழே வைத்துவிட்டு, "முடக்குல கடை வந்தா என்னால முடியாது" என்றான்.

"அப்ப நான் போயி நேர்லயே சொல்லத்தான் வேணும்" என்றாள் ஜெயந்தினி.

ஞாயிறு பின்னேரம் ஆலையின் வான் மூவரையும் ஏற்றிச் சென்றது. அதிபர் ஜெயரட்ணம் தன் கல்யாணக் கோட்டைப் போட்டிருந்தார். கோட்டு மாறவில்லை, அதிபர்தான் கொஞ்சம் வளர்ந்திருந்தார். பொத்தான் எட்டாததால், முழு விருந்தையும் நெஞ்சில் கை வைத்தபடியே கழித்தார். பார்த்தவர்களுக்கு உணர்ச்சிவசப்பட்டவர் போலத் தெரிந்தது.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் செம்புக் கொப்பரைகள் பளபளத்தன. இப்பால் வெள்ளை விரிப்புப் போட்ட மேசை. ஒவ்வொருவர் முன்னாலும் ஐந்து கிளாஸ், நான்கு கரண்டி, கை கழுவ எலுமிச்சைத் துண்டு மிதக்கும் ஒரு கிண்ணம். விற்பனை மேலாளர் கிஷாந்தன் கொழும்பிலிருந்து வந்திருந்தான். பூசை தொடங்குவதுபோல் முதல் கிளாசைத் தூக்கினான்.

"ஒருத்தரும் உடனை குடிக்கக் கூடாது. முதல்ல மணக்கவேணும். பிறகு நாக்கில உருட்டவேணும். இது குடி இல்லை, சுவை பாக்கிறது. குடிகாரர் குடிப்பினம். நாகரிகமான ஆக்கள் சுவைப்பினம்."

தலைவர் அழகர் மூக்கைக் கிளாசுக்குள் விட்டார். நுரை மீசையில் ஒட்டியது. "பலாப்பழ வாசம் வருதுங்க" என்றார்.

"பலாப்பழம் இல்லை. பழைய புத்தக வாசம்" என்றார் அதிபர், கண்ணை மூடிக்கொண்டு. கிஷாந்தன் இரண்டையும் பயபக்தியோடு குறித்துக்கொண்டான். சுவைத்த இருவரும் கிளாசைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாதபடி சுவைத்திருந்தார்கள்.

மூன்றாவது தட்டின் பெயர் 'மலையகப் பாரம்பரியம்'. தாம்பாளம் அளவு தட்டு. அதன் நடுவில் காசு அளவு ரொட்டி. அதன் தலையில் பொட்டு அளவு மிளகாய்க் கட்டச்சம்பல். கூடவே கறுப்பு பியர். ஜெயந்தினி அந்த ரொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். காலையில் அந்தத் தட்டு அகலத்துக்கு இரண்டு ரொட்டியை நின்றுகொண்டே தின்றுவிட்டு வேலைக்கு ஓடுகிறவள் அவள். அப்போது அதற்கு இப்படி ஒரு பெயர் இருப்பது அவளுக்குத் தெரியாது.

"அக்கா, மூண்டு கிளாசும் அப்பிடியே இருக்குது. குடிக்கச் சொல்லேல்லையே, சுவைச்சுப் பாருங்கோ" என்றான் கிஷாந்தன்.

ஜெயந்தினி முதல் கிளாசை எடுத்தாள். மணந்தாள். 'சர்ர்ர்' என்று மேசை அதிர உறிஞ்சினாள். கன்னம் இரண்டும் ஆட நாக்கில் உருட்டினாள். கை கழுவும் கிண்ணத்தை இழுத்து அதற்குள் துப்பினாள். இரண்டாவது கிளாஸ். உறிஞ்சல், உருட்டல், துப்பல். மூன்றாவதும் அப்படியே.

"மொதல்லது வெறும் தண்ணி. ரெண்டாவது பாத்திரம் சரியா கழுவல, பூஞ்ச வாடை அடிக்கிது. மூணாவது அடிப்புடிச்சிருச்சு" என்று வாயைத் துடைத்துக்கொண்டாள். பரிமாற நின்றவர்களில் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடினான்.

"என்னக்கா இது, மேசையில இருந்து துப்புறீங்கள்!" என்றான் கிஷாந்தன்.

"நீங்க சொன்னதத்தான தம்பி செஞ்சேன்? தேயில பாக்டரியில ருசி பாக்குற மேசையில பதினோரு வருஷமா வேல செய்யிறேன். டீமேக்கர் ஐயா நாளைக்கு நாப்பது கோப்ப ருசி பாப்பாரு. ஒரு சொட்டு உள்ள எறக்க மாட்டாரு. ருசி பாக்குறவங்க துப்புவாங்க. முழுங்குனா அதுக்குப் பேரு குடிக்கிறது." அவள் மேசையைச் சுற்றிப் பார்த்தாள். "இவங்க கிண்ணத்துல எலுமிச்சங்கா மட்டுந்தான மெதக்குது?"

தலைவர் அழகர் தன் கிண்ணத்தைச் சற்றுத் தள்ளி வைத்தார்.

ஐந்தாவது தட்டில் விரல் நுனி அளவு இனிப்பு வட்டிலப்பம் வந்தது. அதோடு தாளும் பேனாவும். நான்கு கிளாசைக் காலி செய்திருந்த அழகர் உடனே கையெழுத்துப் போட்டார். தாள் ஜெயந்தினி முன்னால் வந்து நின்றது.

கிஷாந்தனின் குரலில் இப்போது தேன் இல்லை. "யோசியுங்கோ அக்கா. இது இல்லாட்டி சனம் கசிப்புக் குடிக்கும். கசிப்பில கண் போகும், உயிர் போகும். உங்கட ஆக்கள் முன்னேறுறதுக்கு நீங்களே குறுக்க நிக்கப்போறீங்களோ?"

"கசிப்பு காச்சுறவன் ஒளிஞ்சு ஒளிஞ்சு வர்றான் தம்பி. செய்யிறது தப்புன்னு அவனுக்கே தெரியும். நீங்க தங்க எழுத்துல கார்டு அடிச்சுக்கிட்டுல்ல வர்றீங்க?" ஜெயந்தினி பேனாவைக் கையில் எடுத்தாள். "சரி, கையெழுத்துப் போடுறேன். ஒண்ணு மட்டும் எழுதிக் குடுங்க. முடக்குல கடை தொறந்தா, எங்க ஆம்பளைங்களுக்குத் தலைக்கொரு துப்புற சட்டி வச்சுக் குடுப்பீங்களா?"

கிஷாந்தன் அவள் துப்பிய கிண்ணத்தை எடுத்து மேசைக்கடியில் வைத்தான்.

அதிபர் எழுந்து நிற்க முயன்றார். கால் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க நேரமெடுத்தது. தன் முன்னால் காலியாக நின்ற நான்கு கிளாசையும் எண்ணுவதுபோல் பார்த்தார்.

"போன வெள்ளிக்கிழமை எங்கட பள்ளிக்கூடத்தில 'மதுவின் தீமைகள்' எண்டு பேச்சுப்போட்டி வைச்சனாங்கள். நடுவர் நான்தான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. "அந்தத் தாளை இஞ்ச தாங்கோ பிள்ளை."

'ஆட்சேபனை இல்லை' என்றிருந்ததில் 'இல்லை'யை வெட்டி, 'உண்டு' என்று பெரிதாக எழுதிக் கையெழுத்திட்டார். எழுத்து கோணியிருந்தது, ஆனால் வாசிக்கத் தெரிந்த எவனும் வாசிக்கலாம். அவருக்குக் கீழே ஜெயந்தினி கையெழுத்திட்டாள்.

அதன்பிறகு ஆலையின் வானுக்கு ஏதோ கோளாறாம், ஸ்டார்ட் ஆகவில்லையாம். தலைவர் அழகர் ஐந்தாவது கிளாசைப் பாதியில் விட்டுவர மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். மற்ற இருவரும் மலைப்பாதையில் ஏறத் தொடங்கினார்கள். அதிபர் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பிள்ளை, 'குடிகாரர் குடிப்பினம், நாகரிகமான ஆக்கள் சுவைப்பினம்' எண்டு அந்தப் பொடியன் சொன்னவனெல்லே? அது எனக்கு நல்லாப் பிடிச்சுப்போச்சு. அதுதான் நாலையும் விழுங்கிப்போட்டன்."

ஜெயந்தினி அவருக்காக நடையைக் குறைத்தாள்.

"எங்க வீட்டுக்காரரு குடிகாரருங்க சேர். 'நா ஒரு குடிகாரன்'னு தன் வாயால சொன்ன அன்னைக்குத்தான் அவரு விட்டாரு, தவறண தூரமா இருக்கப்போயி தாக்குப் புடிக்கிறாரு. அழகழகா பேரு வச்சுக் குடிக்கிறவங்க எதச் சொல்லி விடுவாங்க? குடிய குடின்னே சொல்லுவோம் சேர். அப்பத்தான் விடவும் முடியும், வாசலுக்கு வராம மறிக்கவும் முடியும்."