ஒண்ணும் பண்ணாது

நாய் வளர்க்கிறவர்கள் வாயில் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். "வாங்க, ஒண்ணும் பண்ணாது." லிடியாவும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், வாய் கூசாமல். சேலத்தில் அவள் குடியிருந்த சந்தும் அதை அப்படியே நம்பியது.

ஆனால் பூச்சி ஏற்கனவே பண்ணியிருந்தது. ஐப்பசி மழையில், பைபாஸ் ஓரத்து லாரி ஷெட்டிலிருந்து, கழுத்தில் சங்கிலி அறுத்த புண்ணோடு அவள் தூக்கி வந்த நாய் அது. வந்த இரண்டாம் மாதமே பால்காரர் பொன்னனின் லுங்கியைக் கவ்விக் கிழித்துவிட்டது. அவர் கையில் பால் கேன் ஆடியதுதான் காரணம். ஷெட்டில் எவனோ வாளியால் அடித்திருக்க வேண்டும், பாவி. கையில் எது ஆடினாலும் பூச்சிக்கு ஆகாது. இது லிடியாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பொன்னனுக்குப் புது லுங்கி வாங்கிக் கொடுத்து விஷயத்தை அமுக்கிவிட்டாள். கணவன் பிரான்சிஸ் வாங்கி வந்த 'நாய் கடிக்கும்' பலகை கட்டிலுக்கடியில் கிடந்தது. அதை மாட்டினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்கு வெட்கம்.

அந்த வருஷம் சாம்பல் புதனும் ரம்ஜான் முதல் நோன்பும் அடுத்தடுத்து வந்தன. எதிர்வீட்டு மஸ்தான் பீவி பதினோரு வருஷமாக லிடியாவுக்கு நோன்புக் கஞ்சி கொண்டுவருகிறவர். பள்ளிவாசல் கஞ்சியில் கறி இருக்கும். தவக்கால வெள்ளியில் லிடியா கறி தொடமாட்டாள். அதனால் வெள்ளிக்கிழமைக்கு மட்டும் கறி போடாமல் வீட்டிலேயே தனியாகக் காய்ச்சி, குட்டித் தூக்குப்போசியில் எடுத்து வருவார். கூடப் பிறந்தவள்கூட இவ்வளவு பார்க்கமாட்டாள்.

முதல் வெள்ளி. வெறுங்கையோடு எத்தனையோ தரம் வந்து போனவர்தான். இருந்தாலும் பூச்சி அவிழ்ந்து கிடப்பதைப் பார்த்து, வாசலிலேயே நின்று வரலாமா என்றார். லிடியா அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"வாங்கக்கா, ஒண்ணும் பண்ணாது."

நாலு எட்டு வைத்திருப்பார். தூக்குப்போசி கையில் ஆடியது. பூச்சி பாய்ந்து முழங்கைக்குக் கீழே கவ்விவிட்டது. கஞ்சி முற்றமெல்லாம் கொட்டியது. குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் காயத்தைக் கழுவினாள் லிடியா. நாய்க்குத் தடுப்பூசி போட்ட சீட்டு இருந்தது. ஆனாலும் மஸ்தான் பீவிக்கு நாலு ஊசி என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

பூச்சியை ஏற்காடு அடிவாரத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றான் பிரான்சிஸ். அங்கே மட்டும் மனுஷர்கள் இல்லையா, அவர்களைக் கடிக்கட்டுமா என்று லிடியா அழுதாள்.

ஒவ்வொரு ஊசிக்கும் அவளேதான் ஸ்கூட்டரில் கூட்டிப்போனாள். மஸ்தான் பீவி திட்டவில்லை, பேசவுமில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. மூன்றாம் ஊசி போட்டுத் திரும்பி, வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"கடி ஆறிப்போகும் லிடியா. வாயில்லாத ஜீவன், பயந்துச்சு, கடிச்சுது. ஆனா உனக்கு முன்னாடியே தெரியுமாமே, பொன்னன் சொன்னாரு. தெரிஞ்சும் என்னைய வாங்கன்னு கூப்புட்டியே, அதத்தான் தாங்க முடியல."

லிடியாவுக்குத் தரையைப் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

மறுநாளே பலகை வாசலில் ஏறியது. வெல்டிங் பட்டறையில் சொல்லி, முற்றத்துக்கு உள்ளே இன்னொரு கேட் போட்டாள். பூச்சியின் வாயை மூடத் தோல் வாய்க்கூடை ஒன்று வந்தது. கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது சுலபமாக இருந்தது. சந்தில் பதின்மூன்று வீட்டிலும் ஏறி இறங்கி, "எங்க நாயி கடிக்குமுங்க, நான் சொன்னது பொய்யுங்க" என்று சொன்னதுதான் பெரும்பாடாக இருந்தது. ஒருத்தி முகத்துக்கு நேரே சிரித்தாள். பொன்னன் மட்டும், லுங்கி நல்ல துணிதான் என்று கிண்டல் செய்துவிட்டு, அன்றிலிருந்து பாலை மதில்மேல் வைத்துப் போனார். கஞ்சி மட்டும் வரவேயில்லை. சாயங்காலம் பாங்கு சொல்லும்போதெல்லாம் லிடியா எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

நோன்பின் கடைசி வெள்ளியன்று வாசலில் நிழலாடியது. மஸ்தான் பீவி. கையில் அதே குட்டித் தூக்குப்போசி, முழங்கைக்குக் கீழே கருத்த தழும்பு. பலகையை எழுத்துக் கூட்டி நிதானமாகப் படித்தார்.

"உள்ள வரட்டுமாடி?"

பூச்சி உள்கேட்டுக்குப் பின்னால், வாய்க்கூடையோடு, வாலை ஆட்டிக்கொண்டு சாதுவாக நின்றது. வாங்கக்கா என்ற வார்த்தை லிடியாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"வேண்டாங்க்கா, அங்கயே நில்லுங்க. அது கடிக்கும். நானே வாரேன்."

உள்கேட்டைத் தாழிட்டு, ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருவுக்கு வந்தாள். மஸ்தான் பீவி தூக்குப்போசியை அவள் கையில் கொடுத்து, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"சூடா இருக்கு, பாத்துக் குடி. கறி போடல."