மூணாறில் ஒச்சப்பன் சொன்னது

என் கொழுந்தன் ஒச்சப்பனுக்கு வாய் உண்டு, வேண்டிய இடத்தில்தான் இருக்காது. கொச்சி மட்டாஞ்சேரியில் டாக்சி ஓட்டுகிறவன். பெண்டாட்டி செத்து நாலு வருஷமாகியும், மறு கல்யாணம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவான். அப்படிப்பட்டவன், பக்கத்துச் சுள்ளிக்கல்லில் தன் அக்கா வீட்டுக்கு வந்திருந்த தேனிக்காரி சரோஜம்மாவைப் பார்த்ததிலிருந்து சட்டைக்கு இஸ்திரி போடத் தொடங்கினான். அவளுக்கும் இவன்மேல் ஒரு கண் என்றுதான் எனக்குப் பட்டது. ஆனால் திங்கட்கிழமை அவள் ஊருக்குக் கிளம்புகிறாள், அங்கே வேறொரு மாப்பிள்ளை வந்து பார்க்கப் போகிறார். இது நடந்தது எழுபத்தெட்டில். ஞாயிற்றுக்கிழமை மூணாறு பார்த்துவிட்டு வரலாம் என்று அவள் அக்காவிடம் நானே கேட்டு, துணைக்கு நானும் ஒச்சப்பன் டாக்சியில் ஏறிக்கொண்டேன்.

நேரியமங்கலம் பாலத்தில் வண்டியை நிறுத்தி, ராஜா காலத்தில் அதைக் கட்டிய கதையைச் சொன்னான். சீயப்பாறை அருவியில் சாயா வாங்கித் தந்து, மழையில் மலை இடிந்த கதையைச் சொன்னான். அவளும் ம் கொட்டிக்கொண்டே வந்தாள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. பாலத்துக்கு வந்த வார்த்தை பெண்ணுக்கு வராதா?

மூணாறில் பழைய தேவாலயத்துக்குப் பின்னால் மேட்டில் வெள்ளைக்காரர்களின் கல்லறைகள். கல்யாணமான புதிதிலேயே இறந்துபோன ஒரு பெண்ணின் கல்லறை முன்னால் ஒச்சப்பன் ரொம்ப நேரம் நின்றான். தன் வீட்டு ஞாபகம் வந்திருக்கும். பிறகு திரும்பி, "எனக்கு உங்களோட கொஞ்சம் சம்சாரிக்கணும்" என்றான் சரோஜம்மாவிடம்.

கொச்சியில் பிறந்தவனுக்குச் சம்சாரிப்பது என்றால் பேசுவது. தேனிக்காரிக்குச் சம்சாரம் என்றால் பெண்டாட்டி. அவள் முகம் சிவந்து, விறுவிறுவென்று இறங்கிப் போய்க் காரில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் தெற்றா ஒண்ணும் பறையலையே மைனி" என்று, தப்பாக என்ன சொன்னோம் எனத் தெரியாமல், அண்ணியான என்னைப் பார்த்து விழித்தான்.

நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மலையாளத்துல அதுக்குப் பேசணும்னுதான் அர்த்தம். தப்பா எடுத்துக்காதே."

அவள் முகம் சுருங்கியது. "அப்போ வெறும் பேச்சுதானா அக்கா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒச்சப்பனைக் கூப்பிட்டேன்.

"இப்போ ஒரு வார்த்தை சொன்னியே, அவ ஊர்ல சம்சாரம்னா பெண்டாட்டி. நீ மலையாளத்துல சொன்னியா, தமிழ்ல சொன்னியா?"

கார் கதவைப் பிடித்தபடி நின்றான். அவளைப் பார்த்தான். இந்தத் தடவை கண்ணை எடுக்கவில்லை.

"தமிழ்லதான் மைனி" என்றான்.