வேல் குத்திய வட்டிக்காரர்

அசலைக் கொடுத்தால் வாங்கமாட்டேன் என்கிற வட்டிக்காரரை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? கடல் தாண்டித் தமிழர்கள் குடியேறிய தீவில், ரிவியேர் தே ஸாங்கீ என்கிற ஊரில் ஒருவர் இருந்தார். பெயர் விஸ்வம். மருந்துக்கடை முதலாளி, கோயில் கமிட்டியில் பெரிய தலை. சம்பள நாளன்று கம்பளிச்சட்டை ஆலை வாசலில் காரை நிறுத்திக்கொண்டு, வெளியே வருகிற பெண்களிடம் சிரித்துச் சிரித்தே வட்டியைக் கறந்துவிடுவார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

கமலாட்சி அந்த ஆலையில் தையல் மெஷினில் இருந்தாள். புருஷன் படுக்கையில் கிடந்த காலத்தில் வைத்தியச் செலவுக்கு இரண்டாயிரம் ரூபாய் வாங்கியிருந்தாள். அதற்கு ஈடாக வீட்டுப் பத்திரமும், வெற்றுத்தாளில் ஒரு கையெழுத்தும். புருஷன் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியும் சம்பளத்தில் பாதி வட்டிக்கே போனது. அசல் அசையவில்லை.

ஜனவரிச் சம்பளத்தன்று விஸ்வம் காரிலிருந்து இறங்கினார்.

"உன் மக தாமரைச்செல்விக்குப் பதினாறு ஆச்சில்ல? மாயெபூர்ல நமக்குத் தெரிஞ்சவர் டூரிஸ்டுங்களுக்கு விடுதி நடத்துறார். பொண்ணு அங்கயே தங்கி வேலை செய்யட்டும். வட்டியே வேணாம். காவடிக்கு மறுநாள் நம்ம ஆள் ஜான்-மார்க் வந்து கூட்டிட்டுப் போவான். இஷ்டமில்லன்னா வீட்டைக் காலி பண்ணிக் கொடுத்துடு."

அது என்ன மாதிரி விடுதி என்று ஊருக்கே தெரியும். விஸ்வத்திடம் கடன்பட்ட ரேமோனுடைய மகள் அங்கே போய்த் திரும்பி வந்தவள், அதற்கப்புறம் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. என் உயிர் போனாலும் என் பெண் அந்தப் படியை மிதிக்கமாட்டாள் என்று கமலாட்சி அங்கேயே முடிவு கட்டினாள்.

ஆலைப் பெண்கள் சேர்ந்து சீட்டுப் போட்டிருந்தார்கள். அங்கே கிரியோல் மொழி பேசுகிறவர்கள் வாயிலும் அது 'சித்'துதான். அந்த மாதம் சீட்டுப் பணத்தை எடுக்கவேண்டியவள் பக்கத்து மெஷின் ஜோசெட். அவள் கேள்வியே கேட்கவில்லை.

"அயோ, கமலா, என் வீட்டுக் கூரை அடுத்த மழைக்கும் ஒழுகட்டும். நீ எடுத்துக்கோ."

பணத்தோடு போனால், மருந்துக்கடையில் விஸ்வம் நோட்டுகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. "கணக்குப் பாக்கணும்மா, அப்புறம் வா." வீட்டுக்குப் போனாள். "நான் விரதத்துல இருக்கேன். காசைத் தொடமாட்டேன். காவடி முடியட்டும்." காவடி முடிந்த மறுநாள் ஜான்-மார்க் வந்து நிற்பானே! வாதாடினாள். ஜான்-மார்க் தோளைப் பிடித்து அவளைத் தெருவில் தள்ளினான். இதே மாதிரி அடம் பிடித்த இன்னொரு கடன்காரன் பொன்னுசாமியின் விரல்களைக் கார்க் கதவில் வைத்துச் சாத்தியவன் அவன்தான். பொன்னுசாமி போலீசுக்கும் போகவில்லை, அதற்குப் பிறகு கையெழுத்தும் போட்டதில்லை.

மறுநாள் கோயிலில் ஞானசம்பந்தம் குருக்கள், இந்தியாவிலிருந்து வந்து இரண்டு வருஷமானவர், பஜனை முடிந்ததும் பெருமையாகச் சொன்னார்: "இந்த வருஷம் விஸ்வம் ஐயா நாக்கிலே வேல் குத்திண்டு பால்காவடி எடுக்கிறார்!"

எல்லாரும் அரோகரா போட்டார்கள். கமலாட்சியும் போட்டாள். நாக்கில் வேல் இருந்தால் இந்த மனுஷர் எப்படிப் பேசி நழுவுவார்? காவடியை வழிமறிப்பது பாவமில்லையா என்று உள்ளே ஒரு பயமும் அடித்தது. முருகனுக்குக் கோபம் வந்தால் என்மேல் காட்டிக்கொள்ளட்டும், என் பெண்மேல் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

தைப்பூசத்தன்று தார்ச்சாலை கொதித்தது. ஆற்றங்கரையிலிருந்து காவடிகள் வரிசையாக ஏறி வந்தன. வழியெல்லாம் பெண்கள் காவடி எடுப்பவர்களின் காலுக்கு மஞ்சள்தண்ணீர் ஊற்றினார்கள். கமலாட்சி மஞ்சள் புடவையில், குடத்தோடும் தட்டோடும், விஸ்வத்தின் வீட்டு வாசலிலேயே நின்றாள். ஜோசெட் பின்னால் நின்றாள்.

விஸ்வம் வந்தார். தோளில் காவடி, இரு பக்கமும் பால் செம்பு, நாக்கில் வெள்ளி வேல். மனைவி சாந்தகுமாரி விசிறிக்கொண்டே கூட வந்தாள். கமலாட்சி குனிந்து அவர் காலில் தண்ணீர் ஊற்றினாள். நிமிராமலே அவர் முன்னால் தரையில் ஒரு கட்டிக் கற்பூரத்தை வைத்து ஏற்றினாள். பிறகு எழுந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசினாள்.

"அண்ணே! உங்ககிட்ட நான் வாங்கின ரெண்டாயிரம், இதோ இந்தத் தட்டுல இருக்கு. வட்டி பாக்கி ஒண்ணும் இல்ல. பணத்தை எடுத்துக்கிட்டு என் பத்திரத்தையும் அந்தத் தாளையும் கொடுக்கறதுன்னா தலைய ஆட்டுங்க. நான் சொல்றது பொய்னா இந்தக் கற்பூரத்தைத் தாண்டிப் போங்க."

மேளம் நின்றுவிட்டது. விஸ்வத்தின் கண் ஜான்-மார்க்கைத் தேடியது. அவன் கூட்டத்தின் ஓரத்தில் நின்றான். தடியன்தான், ஆனால் அவன் அம்மாவும் வருஷாவருஷம் காவடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

விஸ்வம் காலைத் தூக்கினார். தாண்டிவிட்டால் கமலாட்சி பொய்க்காரி, வீடும் போச்சு, பெண்ணும் போச்சு. ஆனாலும் நின்ற இடத்தைவிட்டு அவள் நகரவில்லை. தூக்கிய கால் கற்பூரத்துக்கு இந்தப் பக்கமே இறங்கியது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காவடிப் பால் கோயில் போய்ச் சேருமுன் திரிந்தால் எடுத்தவரின் விரதம் சுத்தமில்லை என்று அர்த்தம். அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் அது தெரியும். சாந்தகுமாரி செம்பைத் தொட்டுப் பார்த்தாள். கை சுட்டது போல எடுத்துக்கொண்டாள்.

"தலைய ஆட்டுங்க," என்றாள் புருஷனிடம். "பால் கெட்டா ஊர்ல தலை காட்ட முடியாது. ஆட்டித் தொலைங்க!"

விஸ்வம் தலையை ஆட்டினார்.

சாந்தகுமாரி பணத்தை எண்ணாமலே எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். வந்தபோது கையில் இரண்டு தாள்கள். கமலாட்சி பத்திரத்தைப் பார்த்து மடித்து இடுப்பில் செருகினாள். வெற்றுத்தாளில் தன் கையெழுத்தைக் கண்டதும் அவளுக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொண்டாள். அந்தத் தாளைக் கற்பூரத்தில் பிடித்து, விரல் சுடும்வரை எரியவிட்டாள். மிச்சத்தைத் தண்ணீர் ஊற்றி அணைத்து வழிவிட்டாள்.

"போங்க அண்ணே. அரோகரா."

காவடியோடு அவளும் கோயில்வரை நடந்தாள். சந்நிதியில் குருக்கள் வேலைப் பிடித்து மெல்ல உருவினார். பத்து நாள் விரதம் இருந்தவர் வாயிலிருந்து வரப்போகும் முதல் அரோகராவுக்காகக் கூட்டம் முழுவதும் கைகூப்பிக் காத்துக்கொண்டிருந்தது.

விஸ்வம் நாக்கை நனைத்துக்கொண்டார். கமலாட்சியைப் பார்த்துக் கத்தினார்:

"அது இந்த மாச வட்டி! அசல் இன்னும் பாக்கி!"

தெருவில் அவர் தலையாட்டி ஒப்புக்கொண்டதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். ஒருவரும் அரோகரா சொல்லவில்லை. குருக்கள் உருவிய வேலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். பின்வரிசையிலிருந்து பொன்னுசாமி, மடங்காத விரல்களால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, முன்னால் வர ஆரம்பித்தான்.